கட்டியின் மரபணு வெளிப்பாடு: புற்றுநோய் பரவுமா என்பதை அது எவ்வளவு தூரம் சொல்லும்?

கட்டியை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். "அப்படியென்றால் இது பரம்பரை நோயா, பிள்ளைகளுக்கும் வருமா?" என்ற பயம் ஒன்று. "பரவுமா பரவாதா என்று இதில் தெரிந்துவிடும்" என்ற நம்பிக்கை இன்னொன்று. இரண்டுமே இந்தச் சோதனையைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருபவை. மரபணு வெளிப்பாட்டுச் சோதனை பரம்பரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நோய் ஏற்கெனவே பரவிவிட்டதா என்றும் பார்ப்பதில்லை. வெட்டியெடுத்த கட்டிக்குள் அந்த நேரத்தில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன என்பதை மட்டும் அளக்கிறது. அந்த அளவை வைத்து, இதே மாதிரியான கட்டி இருந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் வேறு உறுப்புக்குப் போனது என்ற கணக்கைத் தருகிறது.

அந்தக் கணக்கு மிகவும் பயனுள்ளது. ஆயிரக்கணக்கானோருக்குத் தேவையில்லாத கீமோதெரபியைத் தவிர்த்திருக்கிறது. ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணை வாசித்தால், வீண் பயமோ வீண் நிம்மதியோதான் மிஞ்சும்.

ஒரே நூல், வெவ்வேறு நகல்கள்

உடலின் கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. கல்லீரல் செல்லுக்கும் தோல் செல்லுக்கும் வேறு வேறு டிஎன்ஏ இல்லை. டிஎன்ஏவில் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கும் பகுதியை மரபணு என்கிறோம். மனிதரில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000.

வெளியே எடுத்துப்போக அனுமதியில்லாத, 20,000 பக்கமுள்ள ஒரு நூலை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போகிறார்கள். நகல் மலிவான தாளில் இருப்பதால் சீக்கிரம் கிழிந்துவிடும். வேலை தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் இப்போது என்ன வேலை நடக்கிறது என்று அறிய நூலைப் புரட்டிப் பயனில்லை. எந்தப் பக்கத்தின் நகல்கள் எத்தனை புழக்கத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

செல்லில் நூலின் இடத்தில் இருப்பது டிஎன்ஏ. நகல், தூது ஆர்என்ஏ எனப்படும் மூலக்கூறு. உட்கருவில் எடுக்கப்படும் இந்த நகல் வெளியே வந்து ரிபோசோம் என்ற அமைப்பை அடைகிறது. அங்கே அதைப் படித்துப் புரதம் செய்யப்படுகிறது. ஒரு மரபணுவிலிருந்து நகலெடுக்கப்பட்டுப் புரதம் உருவாகும் இந்த முழு நிகழ்வுக்கும் மரபணு வெளிப்பாடு என்று பெயர். தூது ஆர்என்ஏ சில நிமிடங்களிலிருந்து பல மணி நேரம் வரைதான் நிலைத்திருக்கும். ஆகவே அதை எண்ணினால் செல்லின் இன்றைய நடவடிக்கை தெரிகிறது.

வெளிப்பாடு என்பது உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள் கொண்டதல்ல. அது ஓர் அளவு. ஒரே மரபணு ஒரு கட்டியில் கொஞ்சமாகவும் இன்னொன்றில் அதைப்போல் முப்பது மடங்காகவும் வெளிப்படலாம். "அந்த மரபணு இவருக்கு இருக்கிறதா?" என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை, எல்லோருக்கும் இருக்கிறது. எவ்வளவு வெளிப்படுகிறது என்பதுதான் கேள்வி.

பிறழ்வு வேறு, வெளிப்பாடு வேறு

டிஎன்ஏவின் எழுத்தே மாறிப்போவது மரபணுப் பிறழ்வு. பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 மரபணுக்களில் பிறவியிலேயே பிறழ்வு இருந்தால் மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் வரும் வாய்ப்பு கூடும். அதை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்க்கிறார்கள். அந்த முடிவு பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பாதிக்கும். வெளிப்பாட்டுச் சோதனையோ கட்டித் திசுவில் செய்யப்படுவது. அந்த அளவு கட்டியோடு பிறந்தது, கட்டிக்கு மட்டுமே உரியது. பிள்ளைகளுக்குப் போகாது.

இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சில மார்பகக் கட்டிகளில், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஓர் ஏற்பிப் புரதத்துக்கான ஹெர்-2 மரபணுவின் பிரதிகள் டிஎன்ஏவிலேயே பெருகிவிடுகின்றன. அதனால் அதன் வெளிப்பாடும் எகிறுகிறது. ஆனால் பெரும்பாலான வெளிப்பாட்டு மாற்றங்கள் எழுத்து மாறாமலே, எந்தப் பக்கத்தை எவ்வளவு நகலெடுப்பது என்ற கட்டுப்பாடு மாறுவதால் வருகின்றன.

சுருக்கமாக: டிஎன்ஏ நூல், தூது ஆர்என்ஏ நகல், நகல்களின் எண்ணிக்கையே வெளிப்பாட்டின் அளவு. இந்தக் கட்டுரை முழுக்கப் பேசுவது அந்த எண்ணிக்கையைப் பற்றித்தான்.

பரவலும் அதன் தடயமும்

புற்றுநோய் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் முதலில் தோன்றிய கட்டி அல்ல. அங்கிருந்து எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற உறுப்புகளுக்குச் சென்று வளரும் கட்டிகள்தான். இதையே பரவல் என்கிறோம்.

பரவுவதற்கு ஒரு செல் பல தடைகளைத் தாண்ட வேண்டும். பக்கத்துச் செல்களோடு உள்ள பிடிப்பை விட வேண்டும்; சுற்றியுள்ள திசுவைக் கரைத்து இரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைய வேண்டும்; அங்கே நோய் எதிர்ப்புச் செல்களிடம் தப்ப வேண்டும்; வேறோர் உறுப்பில் வெளியேறி, அந்நியமான சூழலில் பெருக வேண்டும். கடைசிப் படிதான் மிகக் கடினம். விலங்குகளின் இரத்தத்தில் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்த சோதனைகளில் ஆயிரத்தில் ஒன்றுகூடக் கட்டியாக வளரவில்லை.

ஒவ்வொரு படிக்கும் உரிய மரபணுக்கள் உண்டு. செல்களை ஒட்டவைத்திருக்கும் இ-கேடரின் புரதத்தின் வெளிப்பாடு குறைவது, நகரும் செல்களில் காணப்படும் விமென்டின் கூடுவது, இந்த மாற்றத்தை நடத்தும் ட்விஸ்ட் போன்ற மரபணுக்கள் விழிப்பது என்று ஆய்வகங்கள் நிறையக் கண்டிருக்கின்றன. ஆகவே பரவலை முன்கூட்டிச் சொல்லும் சோதனை இவற்றைத்தான் அளக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அப்படி இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் ஓர் அடிப்படைக் கேள்வி. பரவும் திறன் கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றிரண்டுக்கு மட்டும் பிற்காலத்தில் வாய்ப்பது என்றால், முழுக் கட்டியையும் அரைத்து அளக்கும்போது அந்த ஒன்றிரண்டின் குரல் எப்படிக் கேட்கும்? இந்தக் காரணத்தால் இப்படியொரு கணிப்பு சாத்தியமே இல்லை என்று பலர் கருதினார்கள். 2002, 2003ஆம் ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. பின்னாளில் பரவிய கட்டிகள், பரவாத கட்டிகளிலிருந்து முதல் நாளிலேயே, மொத்தமாக அளக்கும்போதே, வேறுபட்டுத் தெரிந்தன. பரவும் மனப்பாங்கு கட்டியின் பொதுக் குணத்திலேயே ஓரளவு இருக்கிறது என்பதுதான் இந்தச் சோதனைகள் அனைத்துக்கும் அடிப்படை.

திசுவிலிருந்து எண் வரை

அறுவை சிகிச்சையில் அல்லது பயாப்ஸியில் எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதிக்கிறார்கள். தவறு தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். திசு உடலை விட்டு வந்த நொடியிலிருந்து ஆர்என்ஏ சிதையத் தொடங்குகிறது. ஆர்என்ஏவைத் தின்னும் நொதிகள் திசுவிலேயே இருக்கின்றன. ஆக்சிஜன் நின்றுபோனதால் செல்லும் தன் வெளிப்பாட்டை மாற்றிக்கொள்ளத் தொடங்கும். மார்பகத் திசுவை 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறவைக்க வேண்டும் என்பது ஹார்மோன் ஏற்பிகளை, அதாவது செல்லில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களை, சோதிப்பதற்கான விதி. ஆர்என்ஏவுக்கும் அந்த ஒழுங்கு நல்லதே. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஃபார்மலின் ஆர்என்ஏவைச் சிறு துண்டுகளாக உடைத்துவிடும். அதனால் சோதனையை அமைக்கும்போதே ஒவ்வொரு மரபணுவிலும் மிகக் குட்டையான பகுதியை மட்டும் தேடும்படி அமைக்கிறார்கள்.

அடுத்து, மெழுகுக் கட்டையிலிருந்து 10 மைக்ரான் தடிமனில் சில சீவல்கள் எடுக்கப்படும். நோயியல் மருத்துவர் சாயமேற்றிய கண்ணாடியில் கட்டி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று குறித்துக் கொடுப்பார்; அந்தப் பகுதியை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். முன்பு பயாப்ஸி ஊசி குத்திய இடம் அதில் சேர்ந்துவிட்டால் முடிவு கெடும். அங்கே புண் ஆறுவதற்காக வந்து பெருகிக்கொண்டிருக்கும் நல்ல செல்களை, வேகமாகப் பெருகும் புற்றுச் செல்களாகச் சோதனை எடுத்துக்கொள்ளும். மதிப்பெண் பொய்யாக உயரும்.

பிறகு மெழுகைக் கரைத்து, புரதங்களைச் செரிக்கவைத்து, ஆர்என்ஏவைப் பிரித்து, அதை டிஎன்ஏவாக மாற்றி, ஆர்டி-பிசிஆர் முறையில் பெருக்குகிறார்கள். கொரோனாக் காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட அதே முறை. ஒவ்வொரு சுற்றிலும் பொருள் இரட்டிப்பாகும். பொருள் பெருகப் பெருக ஒளிரும்படி சோதனை அமைக்கப்பட்டிருக்கும்; எத்தனையாவது சுற்றில் அந்த ஒளி தெரிகிறது என்பதே சிடி மதிப்பு. தொடக்கத்தில் நகல்கள் நிறைய இருந்தால் சீக்கிரம் தெரியும். எனவே சிடி குறைவென்றால் வெளிப்பாடு அதிகம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். முதல் கட்டியில் நாம் தேடும் மரபணு 28ஆவது சுற்றில் தெரிகிறது. இரண்டாவது கட்டியில் 25ஆவது சுற்றில். மூன்று சுற்று வித்தியாசம். 2 × 2 × 2, எட்டு மடங்கு. ஆனால் இரண்டாவது கட்டியில் அதிகத் திசு எடுத்ததால்கூட இப்படி ஆகியிருக்கலாமே? அதற்காகத்தான் எல்லாக் கட்டிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளிப்படும் ஒப்பீட்டு மரபணுக்கள் சிலவற்றையும் சேர்த்து அளக்கிறார்கள். இரண்டு கட்டிகளிலும் அவை 24ஆவது சுற்றில் தெரிந்தால் எட்டு மடங்கு என்பது உண்மை. முதல் கட்டியின் ஆர்என்ஏ சிதைந்து போய், மரபணு 31இலும் ஒப்பீட்டு மரபணுக்கள் 27இலும் தெரிந்தாலும் வித்தியாசம் அதே 4தான்; முடிவு மாறாது. சிதைவு அளவுக்கு மீறிப் போனால் இந்தச் சரிசெய்தலும் கைகொடுக்காது. அப்போது ஆய்வகம் எண்ணைத் தராமல் மாதிரியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

எண்களிலிருந்து மதிப்பெண்

மார்பகப் புற்றில் அதிகம் பயன்படும் ஆன்கோடைப் டிஎக்ஸ் சோதனையை எடுத்துக்கொள்வோம். 2004இல் வெளிவந்த ஆய்வின் அடிப்படையில் அமைந்தது. 250 மரபணுக்களில் தொடங்கி 21இல் முடித்தார்கள்: புற்றோடு தொடர்புள்ளவை 16, ஒப்பீட்டுக்கு 5. அந்தப் பதினாறும் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எடை தரப்பட்டது. செல் பெருக்கத்தைக் காட்டும் ஐந்து மரபணுக்களின் குழுவுக்கு 1.04. ஹெர்-2 குழுவுக்கு 0.47. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சார்ந்த குழுவுக்குக் கழித்தல் 0.34, அதாவது அது கூடினால் ஆபத்து குறையும். திசுவைக் கரைத்து ஊடுருவும் மரபணுக்களின் குழுவுக்கு வெறும் 0.10. மீதி மூன்று மரபணுக்களுக்கு அதையும்விடச் சிறிய எடைகள். எல்லாவற்றையும் கூட்டி, 6.7 கழித்து, 20ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண் வரும்.

இந்த எடைகளில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. வெளிப்பாடு ஓர் அலகு கூடுவது ஏறக்குறைய இரட்டிப்பாவதற்குச் சமம். பெருக்கக் குழுவின் சராசரி ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டிய பின், ஓர் அலகு கூடினால் மதிப்பெண் சுமார் 21 ஏறும். ஊடுருவும் குழு ஓர் அலகு கூடினால் ஏறுவது 2 மட்டுமே. பரவலைக் கணிக்கும் சோதனை என்று பெயர் பெற்ற ஒன்று, பரவுவதற்கான கருவிகளைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, ஹார்மோனை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்ற இரண்டையுமே முதன்மையாகப் பார்க்கிறது.

இது குறை அல்ல. வேகமாகப் பிரியும் கட்டியில் புதிய வேறுபாடுகள் சீக்கிரம் தோன்றும். ஏற்கெனவே வேறு உறுப்பில் தங்கிவிட்ட செல்களும் சீக்கிரம் வளரும். ஹார்மோனை நம்பியிருக்கும் கட்டியோ, அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்கும். ஆனால் இதற்கு ஒரு விளைவு உண்டு. பெருக்க வேகம் முதல் ஐந்தாண்டுகளில் வரும் பரவலை நன்றாகச் சொல்கிறது. மெதுவாக வளரும் ஹார்மோன் சார்ந்த கட்டிகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்புவதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை.

சுருக்கமாக: குட்டையான ஆர்என்ஏத் துண்டுகளை எண்ணி, ஒப்பீட்டு மரபணுக்களால் சரிசெய்து, எடைபோட்டுக் கூட்டியதுதான் மதிப்பெண். அதில் பெரும்பங்கு பெருக்க வேகத்துக்கு.

பட்டியல்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

இன்னொரு புகழ்பெற்ற சோதனை மம்மாபிரிண்ட். இதன் தொடக்கம் நெதர்லாந்தில். 55 வயதுக்குக் குறைந்த, நிணநீர்க் கணுவில் புற்று இல்லாத 78 பெண்களின் கட்டிகளை எடுத்தார்கள். ஐந்தாண்டுகளுக்குள் 34 பேருக்குப் பரவல் வந்தது, 44 பேருக்கு வரவில்லை. சுமார் 25,000 மரபணுக்களை ஒரே நேரத்தில் அளக்கும் மைக்ரோஅரே என்ற சில்லால் அளந்து, சலித்துச் சலித்து 5,000, பிறகு 231, கடைசியில் 70 என்று வந்து நின்றார்கள். 2002இல் வெளியானது. இப்படி ஒரு முடிவோடு சேர்ந்து நிற்கும் மரபணுத் தொகுப்பை மரபணுக் கையொப்பம் என்பார்கள்.

2005இல் அதே நாட்டின் வேறொரு குழு, வேறு நோயாளிகளில், 76 மரபணுக்கள் கொண்ட இன்னொரு கையொப்பத்தை வெளியிட்டது. இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக இருந்தவை மூன்றே மூன்று. "அப்படியானால் இரண்டில் ஒன்று பொய்" என்று பலர் நினைத்தார்கள். விளக்கம் வேறு. செல் பிரியும்போது நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அவற்றில் எந்த எழுபதை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே செய்தியைத்தான் சொல்லும். 2006இல் ஒரே 295 கட்டிகளில் ஐந்து கையொப்பங்களை வைத்துப் பார்த்தபோது, பட்டியல்கள் வேறானாலும் அவற்றில் நான்கு பெரும்பாலும் ஒரே நோயாளிகளையே ஆபத்தானவர்கள் என்று காட்டின.

இதன் மறுபக்கம் எச்சரிக்கைக்குரியது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஏற்கெனவே வெளியான 47 மார்பகப் புற்றுக் கையொப்பங்களை, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டது. 28 கையொப்பங்கள் அந்தக் குருட்டுத் தொகுப்புகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இல்லை. நூறு மரபணுக்களுக்கு மேல் கொண்ட குருட்டுத் தொகுப்புகளில் பத்தில் ஒன்பது நோயின் போக்கோடு தொடர்பு காட்டின. சாப்பிட்டபின் சிரித்தவர்களின் இரத்தத்தில் மாறிய மரபணுக்கள்கூட மார்பகப் புற்றின் போக்கைக் "கணித்தன". காரணம் அதே பெருக்க வேகம்தான். எந்தப் பெரிய தொகுப்பிலும் அதன் சாயல் கலந்துவிடுகிறது. ஆகவே "இந்தக் கையொப்பம் நோயின் போக்கைக் கணிக்கிறது, எனவே இந்த மரபணுக்கள்தான் பரவலுக்குக் காரணம்" என்ற வாதம் செல்லாது. கணிப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. செய்திகளில் "பரவலுக்குக் காரணமான மரபணுக்கள் கண்டுபிடிப்பு" என்று வருபவற்றில் கணிசமானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

இன்னொரு பொறி எண்ணிக்கையில் இருக்கிறது. 25,000 மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தற்செயலாக நேர வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்ற அளவுகோலை வைத்தாலும், எந்தத் தொடர்பும் இல்லாமலே சுமார் 250 மரபணுக்கள் தேறிவிடும். எனவே பட்டியலை உருவாக்கிய நோயாளிகளிடமே அதைச் சோதித்தால் அருமையாக வேலை செய்வதாகத்தான் தெரியும். முற்றிலும் புதிய நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும். எழுபது மரபணுக் கையொப்பத்தை 295 பேரிடம் சரிபார்த்த முதல் ஆய்விலேயே, 61 பேர் பழைய தொகுதியிலிருந்து வந்தவர்கள் என்று விமர்சனம் எழுந்தது. பெரிய அளவிலான புதிய ஆய்வுக்கு அதன் பிறகு பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நோயின் போக்கும் மருந்தின் பலனும்

இந்தத் துறையில் மிக அதிகமாகக் குழப்பப்படுவது இதுதான். நோய் எப்படிப் போகும் என்று சொல்வது முன்கணிப்பு. குறிப்பிட்ட மருந்து கொடுத்தால் பலன் இருக்குமா என்று சொல்வது பலன்கணிப்பு. ஆபத்து அதிகம் என்பதால் மட்டும் ஒரு மருந்து உதவும் என்று ஆகிவிடாது. ஆபத்து அதிகமாயிருந்தும் அந்த மருந்துக்கு மசியாத கட்டிகள் உண்டு. பலனை நிரூபிக்க வேண்டுமானால், ஒரே மதிப்பெண் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து கொடுத்து மறுபாதிக்குக் கொடுக்காமல் பார்க்க வேண்டும்.

ஆன்கோடைப் முதலில் முன்கணிப்புக்காகவே வந்தது. 2004 ஆய்வில் ஹார்மோன் சிகிச்சை பெற்ற 668 பேரில், குறைந்த மதிப்பெண்காரர்களில் 6.8 சதவீதத்தினருக்குப் பத்தாண்டுகளில் தொலைவுறுப்புப் பரவல் வந்தது. உயர்ந்த மதிப்பெண்காரர்களில் 30.5 சதவீதத்தினருக்கு வந்தது. கீமோதெரபி தேவையா என்ற கேள்விக்கு விடை சொன்னது 2018இல் வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வு. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 மிகையாக வெளிப்படாத, நிணநீர்க் கணுவுக்குப் போகாத புற்று இருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்த 6,711 பேர் குலுக்கலில் பிரிக்கப்பட்டார்கள். ஒன்பது ஆண்டுகளில் தொலைவுறுப்புப் பரவல் இல்லாமல் இருந்தவர்கள் ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 94.5 சதவீதம், கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் 95.0. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் 50 வயதும் அதற்குக் குறைவுமான பெண்களில் மதிப்பெண் 16 முதல் 25 வரை இருந்தவர்களுக்குக் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. மம்மாபிரிண்ட்டைச் சோதித்த, 6,693 பெண்கள் சேர்ந்த ஐரோப்பிய மைண்டாக்ட் ஆய்விலும் இதே சாயல். கட்டியின் அளவும் தோற்றமும் ஆபத்து என்று சொல்ல, மரபணுக்கள் ஆபத்து குறைவு என்று சொன்ன பெண்களில், கீமோ இல்லாமலே 94.7 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளில் பரவல் இன்றி இருந்தார்கள். எட்டாண்டுக் கணக்கில் கீமோ தந்த கூடுதல் பலன் 50 வயதைக் கடந்தவர்களுக்கு 0.2 சதவீதப் புள்ளி. அதற்கு உட்பட்டவர்களுக்கு 5. இளம் பெண்களில் கீமோ சினைப்பையின் இயக்கத்தை நிறுத்துவதே இந்தப் பலனுக்குக் காரணமா, புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்வது காரணமா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. மாதவிடாய் நிற்பதற்கு முன், பின் என்ற ஒரே வேறுபாடு அதே மதிப்பெண்ணுக்கு இரண்டு வெவ்வேறு பொருளைத் தருகிறது என்பதை மறக்கவே கூடாது.

எங்கே தவறும்

ஒரு கட்டி முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. 2012இல் வெளியான சிறுநீரகப் புற்று ஆய்வில், ஒரே கட்டியின் ஒரு பகுதி நல்ல முன்கணிப்புக்குரிய கையொப்பத்தையும் மற்றொரு பகுதி மோசமானதையும் காட்டின. ஊசி எங்கே குத்தியது என்பது முடிவை மாற்றலாம்.

கட்டியில் புற்றுச் செல்கள் மட்டுமே இருப்பதுமில்லை. இணைப்புத் திசுச் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், இரத்தக் குழாய்ச் செல்கள் எல்லாம் கலந்துள்ளன. அரைக்கும்போது அனைத்தின் ஆர்என்ஏவும் ஒன்றாகிறது. விமென்டின் அதிகம் என்றதும் புற்றுச் செல்கள் நகரத் தொடங்கிவிட்டன என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பெருங்குடல் புற்றில் 2015இல் வந்த ஆய்வுகள், மோசமான போக்கைக் காட்டிய அந்த வெளிப்பாட்டில் பெரும்பகுதி சுற்றியுள்ள இணைப்புத் திசுச் செல்களிலிருந்தே வந்தது என்று காட்டின. ஆபத்து உண்மைதான். அதன் ஊற்று வேறிடம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்கும் புதிய முறைகள் இதைப் பிரித்தறிய உதவுகின்றன, ஆனால் அன்றாட மருத்துவச் சோதனையாக இன்னும் ஆகவில்லை.

கணக்கிலும் தவறு வரும். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006 முதல் வந்த ஆய்வுகள், எந்தக் கட்டிக்கு எந்தக் கீமோ மருந்து பலிக்கும் என்று வெளிப்பாட்டிலிருந்து சொல்ல முடியும் என்றன. பேகர்லி, கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் தரவைத் தோண்டிப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரிசை தள்ளிப்போயிருந்தது. சில இடங்களில் மருந்துக்கு மசிந்தவை, மசியாதவை என்ற பெயர்களே இடம் மாறியிருந்தன. அதற்குள் நோயாளிகளிடம் சோதனைகள் தொடங்கிவிட்டன. 2010இல்தான் அவை நிறுத்தப்பட்டன. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சோதனையின் கணக்கு முறையை முழுமையாகப் பூட்டி, பிறர் சரிபார்க்கும்படி வைத்த பிறகே நோயாளியிடம் போக வேண்டும் என்ற விதி இதற்குப் பின் வலுப்பட்டது.

அறிக்கையைக் கையில் வைத்திருப்பவருக்கு

மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், அந்தச் சோதனை யாருக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். மேலே சொன்ன மார்பகப் புற்றுச் சோதனைகள் முக்கியமாக ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 மிகையாக வெளிப்படாத, தொடக்க நிலைப் புற்றுக்கு உரியவை. கணுக்களில் மூன்று வரை புற்று இருந்தாலும் சில சூழல்களில் பயன்படும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளும் இல்லாத, ஹெர்-2உம் மிகாத புற்றில் மதிப்பெண் ஏறக்குறைய எப்போதும் உயர்வாகத்தான் வரும். புதிதாக எதுவும் தெரியாது. புராஸ்டேட் புற்றுக்கு 22 குறியீடுகள் கொண்ட டெசைஃபர், கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுக்கு 15 மரபணுச் சோதனை என்று வேறு சிலவும் உண்டு. ஓர் உறுப்புக்கு உரிய எண்ணை இன்னோர் உறுப்பின் எண்ணோடு ஒப்பிட முடியாது. மதிப்பெண் 20 என்பது 20 சதவீத ஆபத்தும் அல்ல. அதற்குரிய சதவீதம் அறிக்கையில் தனியே இருக்கும்.

அந்தச் சதவீதம் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தச் சிகிச்சையோடு என்பதையும் வாசிக்க வேண்டும். ஆன்கோடைப் அறிக்கையில் வரும் ஆபத்து, நோயாளி ஹார்மோன் மாத்திரையை ஐந்தாண்டு ஒழுங்காக எடுப்பார் என்ற கணக்கில் போட்டது. பக்கவிளைவு தாங்காமல் இரண்டாம் ஆண்டில் மாத்திரையை விட்டுவிட்டால் அந்த எண் அவருக்குப் பொருந்தாது. மதிப்பெண் குறைவு என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவது, அந்த எண் நிற்கும் அடித்தளத்தையே உருவுவது.

ஆர்என்ஏவுக்குக் கட்டியின் அளவு தெரியாது. கணுக்களில் எத்தனை பாதிக்கப்பட்டன என்பதும் தெரியாது. 1 சென்டிமீட்டர் கட்டியும் 4 சென்டிமீட்டர் கட்டியும் ஒரே மதிப்பெண் பெறலாம். ஆபத்து ஒன்றாக இராது. எனவே மதிப்பெண்ணை அளவு, கணு, வயது, கட்டியின் தரநிலை இவற்றோடு சேர்த்தே மருத்துவர் எடைபோட வேண்டும். ஆபத்து 10 சதவீதம் என்றால், இவரைப் போன்ற நூறு பேரில் பத்துப் பேருக்குப் பரவல் வரும் என்று பொருள். இவர் அந்தப் பத்தில் ஒருவரா, தொண்ணூறில் ஒருவரா என்பதைச் சொல்லும் சோதனை இன்று கிடையாது.

திசு எப்போது எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்துவிட்டால், வேகமாகப் பிரியும் செல்கள் செத்து, மிஞ்சிய திசுவின் வெளிப்பாடு மாறியிருக்கும். அதில் செய்த சோதனையின் எண்ணுக்கு நிரூபிக்கப்பட்ட பொருள் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தொடங்குமுன் எடுத்த பயாப்ஸித் துண்டுதான் வேண்டும். அதுவோ மிகச் சிறியது. மற்றச் சோதனைகளுக்கே தீர்ந்துவிடக்கூடும். ஆகவே இந்தச் சோதனை தேவைப்படும் வாய்ப்பு இருந்தால், அந்த மெழுகுக் கட்டையில் கொஞ்சம் மிச்சம் வைக்கும்படி கீமோவின் முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவைக்க வேண்டும்.